நாற்பது குதிரை, இரண்டாம் பாகம்

குருநகர், யாழ்ப்பாணம்
12.11.2024

அன்புள்ள அண்ணைக்கு,

மாதா காவலில் அம்மாவும் நானும் சுகம். அங்கே குளிர் தொடங்கியிருக்கும். செபமாலை முடிந்த பிறகும் உங்களுக்கென்று தனியாக ஒரு "அருள்நிறைந்த மரியே" சொல்லிவிட்டுத்தான் அம்மா எழும்புகிறார்.

போன் மீன் கழுவும் உப்புத்தண்ணீருக்குள் விழுந்துவிட்டது, இனிக் கடிதம்தான் என்று கூட வேலை செய்பவரின் போனிலிருந்து ஒரு வரி போட்டிருந்தீர்கள். நோர்வேயில் போன் விற்கிற கடைகளையெல்லாம் பூட்டிவிட்டார்களா என்று கேட்க வாய் உன்னியது. ஆனால் கடைசியாகக் கதைத்தபோது நாங்கள் சண்டைபிடித்துத்தான் போனை வைத்தோம். கடிதமென்றால் இடையில் வெட்டிக் கதைக்க முடியாது, அதுவும் நல்லதுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். "நாற்பது குதிரை"க்கு இரண்டாம் பாகம் எடுக்கிறேன். இளைஞர் மன்றம் சம்மதித்துவிட்டது. வருகிற எங்கள் கோயில் ஆடிப் பெருநாளுக்கு அடுத்த நாள் மண்டபத்தில் போட வேண்டும். பகலெல்லாம் ஸ்ரூடியோவில் கலியாண வீடியோ மாப்பிள்ளை பொம்பிளையை மேகத்துக்குள் மிதக்க விட்டு எனக்குக் கண் எரிகிறது. வேறு ஏதாவது செய்யாவிட்டால் ஒருநாள் நானும் மேகத்துக்குள் போய்விடுவேன்.

முதலாம் பாகம் நீங்கள் எடுத்தது. கடல் ஏறி யாழ்ப்பாணமே துண்டு துண்டாகத் தீவாகிப்போன காலம், குடிதண்ணீரை உறிஞ்ச வானத்திலிருந்து வருகிற இயந்திரங்கள், அவற்றை எதிர்த்துச் சேற்றுக்குள்ளிருந்து எழும்புகிற இரும்பு மனிசன், எங்கள் குதிரை. நாற்பது குதிரைவலு எஞ்சின் மூடியைத் தலையாக மாட்டிக்கொண்டு உள்ளே நின்றவன் டினேஸ்தான். ஆனால் சனம் டினேசையா நினைத்து வைத்திருக்கிறது? உங்கள் குரலைத்தான். சனத்தைப் படகேற்றிவிட்டுக் குதிரை சொல்வதாக ஐஸ் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நீங்கள் கதைத்தீர்களே, "நான் இருக்கிறன். நீங்கள் போங்கோ" என்று, அதை இன்றைக்கும் ஜெற்றித் துறையில் வலைக்குக் காவல் நிற்கிறவர்கள் சொல்லித்தான் மற்றவர்களைச் சாப்பிட அனுப்புகிறார்கள்.

வெட்கமில்லாமல் சொல்கிறேன், உங்கள் படத்தைவிட நல்ல படம் எடுக்க எனக்கு ஆசை. அதற்கு உங்கள் குரல் வேண்டும். வசனம் கொஞ்சம்தான், இத்துடன் வைத்திருக்கிறேன். அங்கேயும் ஐஸ் பெட்டிக்குப் பஞ்சமிருக்காது.

அன்புத் தங்கை
ஜெசிதா

*

துரொம்சோ, நோர்வே
08.12.2024

அன்பின் தங்கச்சிக்கு,

உன் கடிதம் பனியில் நனைந்து வந்து சேர்ந்தது. நான் சுகம். அம்மாவின் கால்வீக்கம் எப்படி என்று நீ எழுதவில்லை. எண்ணெய் பூசி விடு, அவர் வேண்டாமென்றுதான் சொல்வார், நீ பூசி விடு.

இங்கே பகலென்று ஒன்று இல்லாத மாதம். தொழிற்சாலையில் கொட் மீன் வந்து குவிகிறது, வெட்டி முடிய அடுத்த வள்ளம் வந்துவிடும். வீட்டுக்கு வந்தால் சூப் வைத்துக் குடிப்பேன். அது ஆறும்வரை பார்த்துக்கொண்டே இருப்பேன். ஊதி ஆற்றுகிற பழக்கம் விட்டுப்போய்விட்டது. மீன் மணம்கூட இப்போது தெரிவதில்லை.

படம் எடுப்பது நல்ல விஷயம். இரண்டாம் பாகம் எடுக்கிறவர்கள் எல்லோரும் ஒரு பிழை விடுவார்கள். முதலாவதில் ஒரு படகை எரித்திருந்தால் இரண்டாவதில் பத்துப் படகை எரிப்பார்கள். பத்துப் படகு எரிந்தால் ஒன்றுக்கும் பாவம் பார்க்கத் தோன்றாது. நீ அப்படிச் செய்யாதே.

குரலுக்கு வேறு ஆளைப் பிடி. கனிசியஸ் இருக்கிறான், நல்ல கனத்த குரல். எனக்கு நேரமில்லை. நேரமிருந்தாலும் களைப்பு. என்னைக் கட்டாயப்படுத்தாதே.

அம்மாவுக்கு நத்தார் வாழ்த்து. இந்தக் கடிதத்தை நீயே வாசித்துக் காட்டு.

உன் அண்ணா
லெனாட்

*

குருநகர்
05.01.2025

அன்புள்ள அண்ணைக்கு,

இங்கே சுகம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். கால்வீக்கம் அப்படியேதான் இருக்கிறது.

நத்தார் பூசை முடிந்து வந்து அம்மா உடுப்பும் மாற்றாமல் கதிரையில் இருந்தார். மடியில் போன். "லெனாட் இப்ப எடுப்பான், நீ போய்ப் படு" என்றார். காலையில் நான் பாண் வாங்கி வரும்போதும் அதே கதிரை. உங்கள் போன் உப்புத்தண்ணீருக்குள் விழுந்திருக்கலாம், ஊரில் உள்ள எல்லாருடைய போனும் சேர்ந்தா விழுந்தது? யாரிடமாவது வாங்கி ஒரு நிமிடம் "அம்மா" என்று சொல்ல முடியாதா?

கனிசியஸைப் பிடித்தேன். காலையில் மீன் ஏலம் கூறுகிறவன் என்பதை நீங்கள் மறந்துவிட்டீர்கள். "நான் இருக்கிறன், நீங்கள் போங்கோ" என்றான். பாரை மீன் இருக்கிறது, வாங்குகிறவர்கள் வாருங்கள் என்பது மாதிரித்தான் கேட்டது. டினேஸ் எஞ்சின் மூடிக்குள் இருந்து சிரித்துச் சிரித்து மூச்சுமுட்டிப் போனான். அவனும் முந்தின டினேஸ் இல்லை, வயிறு பெருத்து வண்டி வைத்துவிட்டது. நெஞ்சுத் தகடு பூட்ட முடியாமல் கயிற்றால் கட்டியிருக்கிறோம்.

"கொண்ணையின்ரை படத்துக்குக் கிட்டவும் வராது, விட்டிட்டு வேற வேலையைப் பார்" என்று ஜெற்றியில் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது அவர்கள் மேல் இல்லை, உங்கள் மேல். போன மனிசர் போனவராகவே இருக்கட்டும், குரலையாவது அனுப்பலாம்தானே.

ஜெசிதா

*

குருநகர்
02.02.2025

அன்புள்ள அண்ணைக்கு,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அதில் கொஞ்சம் கூடத்தான் எழுதிவிட்டேன். கோபமென்றால் கோபமென்றாவது எழுதுங்கள். சுகமா?

ஸ்ரூடியோவில் கொம்பியூட்டர் வேலை செய்கிற பார்த்தீபன் ஒரு யோசனை சொல்கிறான். முதலாம் பாகத்தில் இருக்கிற உங்கள் குரலைக் கொம்பியூட்டருக்குக் கொடுத்தால், நாங்கள் எழுதிக் கொடுப்பதையெல்லாம் அது உங்கள் குரலிலேயே சொல்லுமாம். "அண்ணைக்கு ஒரு கரைச்சலும் இல்லை அக்கா" என்கிறான். எனக்கு அது ஒரு மாதிரி இருக்கிறது. இருந்தாலும் வேறு வழி தெரியவில்லை. குரல் உங்களுடையது, கேட்காமல் செய்ய மாட்டேன். ஓம் என்றாலும் இல்லை என்றாலும் ஒரு வரி போதும்.

அம்மா இப்போது உங்களைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. கடிதம் வந்ததா என்று மட்டும் முகத்தைப் பார்க்கிறார்.

தங்கை
ஜெசிதா

*

துரொம்சோ
20.02.2025

அன்பின் தங்கச்சிக்கு,

கோபமில்லை. நான் சுகம். அம்மாவுக்குக் கம்பளிக் காலுறை இரண்டு சோடி அனுப்பியிருக்கிறேன். யாழ்ப்பாண வெயிலுக்கு எதற்கென்று சிரிப்பீர்கள். கடையில் பார்த்தவுடன் அவருடைய கால்தான் ஞாபகம் வந்தது.

பார்த்தீபன் சொன்னதைச் செய். அந்தக் குரல் எங்கேயாவது இருக்கட்டும். என்னிடம் இனிக் கேட்க வேண்டாம்.

லெனாட்

*

குருநகர்
16.03.2025

அன்புள்ள அண்ணைக்கு,

இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. நீங்கள் சுகமாக இருக்க வேண்டுமென்று இந்த முறை வழக்கத்துக்காக எழுதவில்லை.

பார்த்தீபன் கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். எழுதிக் கொடுத்தோம். ஒரு பிசகில்லாமல் உங்கள் குரல் கதைத்தது. அம்மா பின்னால் மீன் கழுவிக்கொண்டு நின்றவர், கையெல்லாம் செதிளோடு ஓடி வந்தார். "லெனாட் வந்திட்டானே? எங்கை பிள்ளை?" என்று வாசலைப் பார்க்கிறார், அறையைப் பார்க்கிறார். பார்த்தீபன் தலை குனிந்துவிட்டான். நான் கொம்பியூட்டரைக் காட்டினேன். எனக்கு நிலத்துக்குள் போய்விட வேண்டும் போலிருந்தது.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்து அதைப் பார்த்தார். பிறகு, "உது அவன்ரை பழைய குரல். இப்ப அவனுக்கு உப்பிடி இல்லை" என்றார். அவ்வளவுதான். மீனைக் கழுவப் போய்விட்டார்.

எனக்கு விளங்கவில்லை. பார்த்தீபனை அனுப்பிவிட்டு, வட்ஸ்அப்பில் நீங்கள் அம்மாவுக்கு அனுப்பியிருந்த குரல் செய்திகளையெல்லாம் எடுத்து ஸ்ரூடியோவில் செய்வது மாதிரித் திகதி வாரியாக அடுக்கினேன். ஒவ்வொன்றாகக் கேட்டபோது ஒன்றும் தெரியாமல் போனது, ஒரேயடியாகக் கேட்டபோது தெரிந்தது. போன வருடம் வைகாசியில் தடிமன் பிடித்து மூக்கடைத்த மாதிரி. ஆடியில் கரகரப்பு. புரட்டாசியில் "அம்மா, பிறகு கதைக்கிறன்" என்பதையே ஒரு மூச்சில் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

மற்றவர்களின் வீடியோவில் இருமலைக்கூட வெட்டி எடுக்கிறவள் நான். சொந்த அண்ணையின் குரல் தேய்ந்துகொண்டு போனது எனக்குக் கேட்கவில்லை. அம்மாவுக்குக் கேட்டிருக்கிறது. கேட்டும் ஒரு சொல் சொல்லவில்லை.

உங்கள் தொண்டைக்கு என்ன, அண்ணை?

கொம்பியூட்டர்க் குரலை அழித்துவிட்டோம். படம் கிடக்கட்டும்.

ஜெசிதா

*

துரொம்சோ
06.04.2025

அன்பின் ஜெசிதாவுக்கு,

நீ கேட்டது நல்லது. நானாக எழுதியிருக்க மாட்டேன்.

புற்றுநோய். போன ஐப்பசியில் குரல்வளையை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். எடுத்ததால் உயிர் இருக்கிறது, பிறகு வந்த சோதனைகள் எல்லாம் நல்லபடி, அதனால் நீ பயப்படத் தேவையில்லை. கழுத்தில் ஒரு துவாரம், அது வழியாகத்தான் மூச்சு. மூக்காலும் வாயாலும் காற்று வராது. சூப்பை ஊத முடியாது, மணம் தெரியாது. உனக்கு எழுதியதில் அந்த இரண்டும்தான் உண்மை. தொழிற்சாலைக் கதையெல்லாம் பழைய ஞாபகத்தில் எழுதியது. நான் வேலைக்குப் போய் மாதக்கணக்காகிறது. போனும் நன்றாகத்தான் இருக்கிறது, அலுமாரிக்குள்.

வைத்தியசாலையில் ஒரு கருவி தந்திருக்கிறார்கள். ரோர்ச் லைற் அளவு. கழுத்தில் வைத்து அழுத்திக்கொண்டு வாயை அசைத்தால் பேச்சு வரும். ஏற்றமில்லை, இறக்கமில்லை, ஒரே இரைச்சல். ஐஸ் பெட்டிக்குள் தலையை விட்டு நாங்கள் குதிரைக்குச் செய்த குரல் இதைவிட மனிசக் குரல், தங்கச்சி. முதல் நாள் அதை அழுத்தி "அம்மா" என்று சொல்லிப் பார்த்தேன். அறையில் வேறு யாரோ சொன்ன மாதிரி இருந்தது. நிறுத்தி வைத்துவிட்டேன். பிறகு எடுக்கவில்லை.

அந்தக் குரலில் அம்மாவோடு கதைக்க என்னால் முடியாது. அப்பா போன பிறகு அவருக்கு மிச்சமிருந்தது என் சத்தம்தான் என்று எனக்குத் தெரியும். அதை இப்படி ஆக்கிக் கொடுக்க முடியாது. நீ அவருக்குச் சொல்லாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

படத்தை மட்டும் விடாதே. இந்த அறைக்குள் எனக்கு யோசிக்க வேறொன்றும் இல்லை.

உன் அண்ணா
லெனாட்

*

குருநகர்
27.04.2025

அன்புள்ள அண்ணைக்கு,

உயிர்ப்புப் பெருநாள் போய் ஒரு கிழமை. உங்கள் கடிதத்தைக் கொண்டுபோய் ஸ்ரூடியோவில் வைத்து அழுதேன். வீட்டில் அழ இடமில்லை. முதலாளியம்மா வந்து, யாருடைய கலியாண வீடியோ இப்படி அழ வைக்கிறது என்று கேட்டார். அவ்வளவு தூரத்தில் தனியக் கிடந்து வெட்டுப்பட்டிருக்கிறீர்கள். நான் குரல் அனுப்பவில்லை என்று வசைபாடி எழுதியிருக்கிறேன். அதை நினைக்க நினைக்க ஆறவில்லை.

அம்மாவுக்குச் சொல்லவில்லை. சொல்லாமல் அவர் முகத்தைப் பார்ப்பது எவ்வளவு பாடு என்பதை நீங்கள் அறிய வேண்டும்.

படத்துக்கு வழி கிடைத்துவிட்டது. பெரிய வியாழனன்று கோயிலுக்குப் போயிருந்தேன். "உன்னதங்களிலே" பாடியதோடு மணியை நிறுத்திவிட்டார்கள். பிறகு துக்கம், உயிர்ப்புப் பூசைவரை மணி கிடையாது, கோயில் வேலை பார்க்கிற சந்தியாப்பிள்ளை அந்த மரப்பலகையைத்தான் தட்டிக்கொண்டு திரிந்தார். சின்ன வயதில் நீங்களும் நானும் அதைத் தட்டுவதற்குச் சண்டைபிடிப்போமே. டக், டக் என்று அந்த வறண்ட சத்தம். மணிச் சத்தம் அழகுதான், ஆனால் மணிக்கு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பலகை தட்டினால் முழுக் கோயிலும் அடங்கிவிடுகிறது.

நான் முழங்காலில் நின்றபடியே முழுக்கதையையும் மாற்றிவிட்டேன். ஆண்டவர் மன்னிக்கட்டும். இரண்டாம் பாகத்தில் முதல் சண்டையிலேயே குதிரையின் குரல் போய்விடுகிறது. பிறகு படம் முழுக்க அது பேசாது. தன் நெஞ்சில் ஒரு பலகைத் துண்டால் தட்டும். சனம் கேட்டுப் பழகும்.

இது உங்களுக்கு நோகுமென்றால் சொல்லுங்கள், விட்டுவிடுகிறேன். உண்மையாகவே விட்டுவிடுவேன்.

ஜெசிதா

*

துரொம்சோ
18.05.2025

அன்பின் தங்கச்சிக்கு,

வெளிச்சம் வந்துவிட்டது. இப்போது இங்கே சூரியன் படுப்பதே இல்லை, அதுவும் ஒரு களைப்பு. மற்றபடி சுகம். அம்மா காலுறையைப் போடுகிறாரா?

நோகவில்லை. கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது. எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று இரண்டு நாள் யோசித்தேன். எனக்குக் குரல் இருந்தது, அதனால்தான் தோன்றவில்லை.

ஒன்று சொல்கிறேன், கேட்டால் கேள். முதலாம் பாகத்தில் குதிரை களைக்கவே இல்லை. எத்தனை அடி விழுந்தாலும் அடுத்த காட்சியில் புதிதாக எழும்பி வரும். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது, களைப்பென்றால் மத்தியானம் நித்திரை வருவது என்றுதான் நினைத்திருந்தேன். உன்னுடைய குதிரை களைக்கட்டும். ஜெற்றியில் கடைசிச் சண்டையில் ஒரு கை கழன்று விழட்டும். அது இருந்துவிட்டு எழும்பட்டும். எழும்புவதைக் காட்டு, வெட்டிவிடாதே. டினேசுக்கு இப்போது வண்டி இருப்பது நல்லது, எழும்புவது நிஜமாகவே கஷ்டமாக இருக்கும்.

சண்டையில் அடி விழுகிற நேரத்தில் கமெராவை ஆட்டாதே. அடித்தவனைக் காட்டாமல் அடிபட்டவனைக் காட்டு. நான் அன்றைக்கு மறுபக்கமாகச் செய்துவிட்டேன்.

அம்மா விஷயத்தில் என்னை நெருக்காதே. நாள் பார்த்துச் சொல்கிறேன்.

லெனாட்

*

குருநகர்
29.06.2025

அன்புள்ள அண்ணைக்கு,

அம்மா சுகம். காலுறையைக் கோயிலுக்கும் போட்டுக்கொண்டு போகிறார், எல்லாரும் பார்க்க வேண்டுமாம். நான் காய்ந்து கருவாடாகிவிட்டேன். படப்பிடிப்பு முடிந்தது.

சந்தியாப்பிள்ளையிடம் பலகையை இரவல் கேட்டோம். "அது பெரிய கிழமைச் சாமான், கூத்துக்குத் தரேலாது" என்று முதலில் மாட்டேன் என்றார். பங்குச் சுவாமி சொன்ன பிறகுதான் தந்தார். தந்தவர் தானும் கூடவே வந்து நின்றார், பலகையைக் களவெடுத்துவிடுவோம் என்று. ஜெற்றியில் வைத்து டினேஸ் தட்டத் தொடங்கி இரண்டாவது தடவைக்குள் ஒழுங்கையெல்லாம் சனம். பெண்டுகள் முக்காட்டோடு ஓடி வருகிறார்கள். ஒரு ஆச்சி கையில் செபமாலையோடு வந்து, "என்ன பிள்ளையள், ஆனி மாசத்திலை பெரிய வெள்ளியே? சுவாமி எங்கை?" என்று கேட்டார். எஞ்சின் மூடியோடு நின்ற டினேஸ் பயத்தில் சிலுவை போட்டுக்கொண்டான். வந்தவர்களை அப்படியே நிற்க வைத்து, ஊரைவிட்டுப் போகிற சனமாகப் படம்பிடித்துவிட்டேன். முக்காட்டோடு அவர்கள் நிற்பதைப் பார்த்தால் நான் எழுதியதைவிட நன்றாக இருக்கிறது.

கை கழன்றது. குதிரை இருந்து எழும்பியது. நான் வெட்டவில்லை.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன், கேட்டால் கேளுங்கள். நேற்று அம்மா அப்பாவின் பழைய சாரமொன்றை எடுத்துத் துண்டாக வெட்டி ஓரம் தைத்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன். "லெனாட்டுக்கு. கழுத்திலை கட்ட. அங்கை குளிரெல்லே" என்றார். நான் ஒரு சொல் சொல்லவில்லை, அண்ணை. மாதா மேல் ஆணை. "தொண்டையிலை வந்தால் கழுத்திலைதானே வெட்டுவினம். கொப்பரின்ரை தமையனுக்கும் அப்பிடித்தானே" என்று ஊசியைப் பார்த்தபடியே சொன்னார். பெரியப்பா கொழும்பில் வெட்டுவித்துக்கொண்டு வந்தது எனக்கு ஞாபகமில்லை, அம்மாவுக்கு ஞாபகம்.

அவர் எல்லாவற்றையும் யோசித்து முடித்துவிட்டார். நீங்கள் எடுப்பீர்கள் என்று மட்டும்தான் இருக்கிறார். துணியை இத்துடன் அனுப்புகிறேன். அலுமாரியைத் திறவுங்கள்.

ஜெசிதா

*

குருநகர்
03.08.2025

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் எப்படி என்று இந்த முறை கேட்கத் தேவையில்லை, காதாலேயே கேட்டுவிட்டோம். ஆனால் உங்களுக்குத் தெரியாத பக்கமொன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

முதலில் படம். மண்டபம் நிறைந்து வெளியிலும் சனம். தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் குதிரைக்குக் குரல் போனதும் பின்னாலிருந்து முணுமுணுப்பு. "லெனாட்டின்ரை குரல் இல்லாமல் என்ன படம்" என்று கனிசியஸ் ஏலம் கூறுகிற குரலில் சொன்னான். எனக்கு எழும்பிப் போய்விடலாமா என்றிருந்தது, அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததால் போகவில்லை.

பிறகு பிறகு அடங்கினார்கள். குதிரை பலகையைத் தட்டும்போதெல்லாம் அது என்ன சொல்கிறது என்று பக்கத்தில் இருப்பவருக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினார்கள். கடைசியில் ஜெற்றி. ஒரு கை இல்லை. இருந்துவிட்டு எழும்புகிறது, எவ்வளவு நேரம் எழும்புகிறது தெரியுமா? படகுகள் போக மனமில்லாமல் நிற்கின்றன. குதிரை நெஞ்சில் தட்டுகிறது. முதலாம் பாகத்து வசனத்தின் தாளத்திலேயே தட்ட வைத்திருந்தேன், யாருக்காவது பிடிபடுமோ என்ற பயத்தோடு. முன்வரிசையில் படகு வைத்திருக்கிற ஒரு சம்மாட்டியார் மெல்லச் சொன்னார், "நான் இருக்கிறன்." அடுத்த தடவை தட்டியபோது முழு மண்டபமும் சொன்னது, "நான் இருக்கிறன், நீங்கள் போங்கோ" என்று. கனிசியஸ் எல்லாரையும்விடப் பலமாகக் கத்தினான். கத்திவிட்டு அழுதான்.

அம்மா மட்டும் வாயைத் திறக்கவில்லை.

முதலாவது நல்லதா, இரண்டாவது நல்லதா என்று இன்னும் ஜெற்றியில் அடிபாடு. சரிபாதி என்று டினேஸ் சொல்கிறான். உங்கள் பக்கம் நிற்கிறவர்களோடு எனக்குக் கோபமில்லை. எனக்கே சில நாளில் முதலாவதுதான் நல்லதென்று படுகிறது.

அடுத்த நாள் பின்னேரம் நீங்கள் எடுத்தீர்கள். போனை எடுத்தது அம்மா. குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற எனக்கும் அந்த இரைச்சல் கேட்டது. "அம்மா. நான்" என்றீர்கள். சத்தியமாகச் சொல்கிறேன், நான் கையில் இருந்த கோப்பையை வைத்துவிட்டுக் குசினி வாசலுக்கு வந்துவிட்டேன். அம்மா பதறவில்லை. "சாப்பிட்டியே மகன்?" என்றார், நேற்றும் கதைத்தவர் மாதிரி. நீங்கள் ஓம் என்றீர்கள். "என்ன சாப்பிட்டனீ?" சூப் என்றீர்கள். "சூப் ஒரு சாப்பாடே? கழுத்தை மூடிக்கொண்டு போ. துணி கிடைச்சதே?" மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

தெரியாதது இதுதான். நீங்கள் வைத்த பிறகு அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு, திரை இருளும்வரை இருந்தார். அடுத்த வீட்டுப் பிரியந்தினி எட்டிப்பார்த்து, "ஆர் மாமி போனிலை, ஒரே இரைச்சலாக் கிடந்துது?" என்றாள். "என்ரை மகன். லைன் நல்லாத்தான் இருந்தது" என்றார் அம்மா. அவள் போய்விட்டாள். நான் குசினி வாசலில் நின்றதை அம்மா காணவில்லை. விரலை மடக்கி, இருண்ட போன் திரையில் மெல்லத் தட்டினார். அதே தாளம். தட்டிவிட்டு, மண்டபத்தில் சொல்லாததைச் சொன்னார்.

"நான் இருக்கிறன்" என்றார்.

மற்றப் பாதியை, அந்தப் "போங்கோ"வை, அவர் சொல்லவில்லை, அண்ணை. நீங்கள் நோர்வேக்குப் புறப்பட்ட அன்றைக்கும் அவர் அதைச் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

ஞாயிறு பூசை முடிந்து வந்து போனுக்குப் பக்கத்தில் இருப்பார். எடுங்கள்.

அன்புத் தங்கை
ஜெசிதா